கடல் மட்டும் விட்டுப்போயிற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கிழக்குக் கடற்கரைச் சாலை வாடகை வீடுகளைப் பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். எந்த வீட்டில் எத்தனை படுக்கையறை, எதில் நீச்சல் குளம், எதில் மொட்டைமாடியில் கறி சுட அடுப்பு, எதில் நாயைக் கூட்டிப் போகலாம் என்றெல்லாம் வரிசையாக வந்திருந்தது. படங்களும் நன்றாக இருந்தன. கடலைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. ‘பிரைவேட் பீச் வசதி உண்டு’ என்று ஓரமாக ஒரு பெட்டி கட்டி, அதற்குள் கடலை முடித்துவிட்டீர்கள். அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் இல்லையென்றால் சாப்பாட்டு விஷயத்தை வெட்டிக்கொள்ளுங்கள், வலைக்காரர்கள் விஷயத்தை வெட்டாதீர்கள்.

நான் ராயபுரத்துக்காரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த மே மாதம் நாங்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து, கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு கடலோர வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். கிளம்பும்போது பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: “தெருமுனையில கடலை வெச்சிக்கினு, கடல் பாக்க வேன் பிடிச்சிப் போறியா?”

கேள்வி நியாயம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் கடல் இருக்கிறது, கரை இல்லை. வருஷத்தின் பெரும்பகுதி நம் கடலோரத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான் திசை மாறும். 1870களில் துறைமுகச் சுவர் எழும்ப ஆரம்பித்ததும் அந்த மணல் சுவருக்குத் தெற்கே நின்றுவிட்டது. அங்கே மெரினா அகன்றது. எங்களுக்கு வர வேண்டியது வரவில்லை. கடல் தெருத்தெருவாக உள்ளே வந்தது, கருங்கல்லைக் கொட்டித் தடுத்தார்கள். கடல் பார்ப்பது என்றால் கல்லடுக்கின் மேல் ஏறி நின்று எட்டிப் பார்ப்பது என்றுதான் என் பேரப்பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். மணலில் உட்கார்ந்து காலை நீட்டினால் அலை வந்து தொடும் என்பது என் பேத்திக்குப் புதுச் செய்தி. அதற்காகத்தான் வேன் பிடித்தோம்.

கூட்டம் என்றேன். மகன், மகள் குடும்பங்கள், மருமகளின் அப்பா அம்மா (ஈரோட்டுக்காரர்கள்), எக்ஸ்சேஞ்சில் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து வேலை பார்த்த தோழிகள் இருவர், அவர்களில் ஒருத்தியின் அண்ணன், இன்னொருத்தியின் தம்பி மகன், என் மகனோடு கல்லூரியில் படித்தவர்கள் இரண்டு மூன்று பேர் பெண்டாட்டி பிள்ளைகளோடு. கடலோர வீடு என்றாலே குடியும் கூத்துமாகப் பணக்காரப் பிள்ளைகள் போகிற இடம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டபோது, ஊட்டிக்குப் போய் லாட்ஜ் போட்டிருந்தால் ஆகியிருப்பதில் பாதிகூட ஆகவில்லை. புளிசாதமும் இட்லி மாவும் வீட்டிலிருந்தே வந்தன. என் தோழி ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டே திருவான்மியூர் வரை வந்தாள், சாலையில் அத்தனை பள்ளம்.

வழியில் நுங்கு வாங்க நிறுத்தினோம். கத்திரி வெயிலில் அந்தச் சாலையோரம் ஓலைப் பந்தலைப் போட்டு நுங்கு சீவுகிறவர்களைக் கடந்து போக யாருக்கு மனசு வரும்? ஒரு குலை போதும் என்று இறங்கி மூன்று குலை தீர்ந்தது.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய ஹால், கடலைப் பார்த்த தாழ்வாரம், வெளியே புல்தரை, அதில் ஒரு நீச்சல் குளம். சுவரெல்லாம் ‘பீச்’ என்று எழுதிய மரப் பலகைகள். எதிரே கடல் இரைந்துகொண்டிருக்கும்போது இது யாருக்கு அடையாளம் என்று எனக்கு விளங்கவில்லை. கழிவறைகள் சுத்தமாக இருந்தன. இருபது பேர் தங்கும்போது அதைவிடப் பெரிய வசதி கிடையாது.

என் மருமகள் ஒரு நிகழ்ச்சி நிரல் போட்டு வைத்திருந்தாள். காலை முட்டுக்காட்டில் படகு, அப்புறம் தட்சிணசித்ரா, மதியம் முதலைப் பண்ணை, மாலை மாமல்லபுரம், இரவு கேம்ப் ஃபயர். நல்ல பெண், எதையும் ஒழுங்காகச் செய்பவள். ஆனால் முதல் நாள் மதியமே அந்தக் காகிதம் ஃபிரிட்ஜ் மேல் ஏறியது, அப்புறம் இறங்கவே இல்லை. பிள்ளைகளை மட்டும் என் மாப்பிள்ளை வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குக் கூட்டிப் போய் வந்தார். 1976-ல் ராமுலஸ் விட்டேகர் ஆரம்பித்த இடம் அது. முதலைகள் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்த பேரன், தாழ்வாரத்தில் படுத்திருந்த தாத்தாவைப் பார்த்து, “இங்கேயும் ஒண்ணு இருக்கு” என்றான்.

திருவிடந்தைக்கும் ஒரு கோஷ்டி போனது. நித்தியகல்யாணப் பெருமாளை அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு, கல்யாணமாகாத ஒரு பையனையும் கூட வைத்துக்கொண்டு, இரண்டு சித்திமார்கள் சும்மா இருப்பார்களா? மாலை வாங்கி, பூஜை செய்து, கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது முறை பிராகாரம் சுற்ற வேண்டும். அந்த மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாக வந்து செலுத்த வேண்டும். பையன் ஐ.டி. கம்பெனியில் இருப்பவன். “லீவு போட்டு வந்தது இதுக்கா?” என்று முனகிக்கொண்டே ஒன்பது சுற்றையும் ஒழுங்காக எண்ணிச் சுற்றினான்.

மற்றபடி நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் கட்டுரையில் ‘செய்ய வேண்டியவை’ என்று ஒரு பட்டியல் இருந்தது. மே மாதத்தில் அங்கே காலை ஏழு மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியாது. முற்பகல் முழுக்க நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்று, கச்சான், முகத்தைச் சுட்டுவிடும். அப்புறம் வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, தரைக்கு மேலிருக்கும் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். சென்னையில் அது அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும், சில நாள் போகவே போகாது. கரையில் இருப்பவர்களுக்கு அது முதலில் கிடைக்கும். ஹாலில் பாயை விரித்து எல்லோரும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்போம். மின்விசிறி சுற்றுவதே தெரியாத புழுக்கத்தில் சீட்டாட்டம் நடக்கும். திடீரென்று தாழ்வாரத்துப் பக்கத்துத் திரைச்சீலை ஒரு முறை உப்பும். “வந்துட்டான்” என்பார் என் தோழியின் அண்ணன். பத்து நிமிஷத்தில் பாதிப் பேர் சீட்டைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிடுவார்கள்.

அந்தப் பெரியவர் எண்பதை நெருங்குகிறவர். சிறுவயதில் பக்கிங்காம் கால்வாயில் உப்பும் சவுக்குக் கட்டையும் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் படகு வந்ததைப் பார்த்தவர். படகோட்டிகள் மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு படகின் விளிம்பிலேயே முன்னும் பின்னும் நடப்பார்களாம். என் மகனின் நண்பர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தினமும் ஓ.எம்.ஆர். வேலைக்கு அந்தக் கால்வாயைக் கடந்து போகிறவர். அதில் படகு ஓடியது என்று அன்றுவரை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஈரோட்டுச் சம்பந்தி அம்மா கடலை நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை. முதல் நாள் மாலை முழுக்கத் தாழ்வாரத்துத் தூணைப் பிடித்தபடி நின்று பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஏனுங் சம்பந்தி, இது எப்பத்தானுங் நிக்கும்?” என்றார். ராத்திரியும் நிற்காதா என்று அவருக்குக் கவலை. மறுநாள் விடியற்காலை நான் எழுந்து போனபோது, அலை வந்து போகிற ஈர மணலில் பட்டுக்கரைச் சேலையோடு சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார், கூப்பிட்டால் வரமாட்டேன் என்றார். அவர் கணவர் இன்னொரு ரகம். மாலையில் கடலுக்குள் சூரியன் இறங்குவதைப் படம் எடுக்க ஃபோனைத் தயாராக வைத்துக்கொண்டு கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால், சாலையையும் கால்வாயையும் தாண்டி எங்கேயோ மறைந்துவிட்டது. நல்லவேளை, பௌர்ணமிக்கு மறுநாள் அது. இருட்டிக் கொஞ்ச நேரம் கழித்துக் கடலிலிருந்து நிலா செம்பு நிறத்தில் எழுந்து அவர் மானத்தைக் காப்பாற்றியது.

சரி, இப்போது வலைக்காரர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனம் பெருகுவதற்கான தடைக்காலம். அப்போது காசிமேட்டில் வஞ்சிரம் விலை கேட்டால் வாங்க வந்தவர் தேங்காய் வாங்கிக்கொண்டு போய்விடுவார். கட்டுமரத்துக்கும் சின்ன ஃபைபர் படகுக்கும் தடை இல்லை. கரையிலிருந்தே இழுக்கிற பெரிய வலையும் சில குப்பங்களில் இன்னும் ஓடுகிறது. படகில் வலையை ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் அரைவட்டமாக விட்டு வருவார்கள். இரண்டு முனைக் கயிறும் கரையில் இருக்கும். இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம், இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் நெருங்கி வரும்.

காலையில் அப்படி ஒரு வலை எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே கரையேறிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் விசிலை ஊதிக்கொண்டு ஓடினார். “கெஸ்ட் இருக்காங்க, பிரைவேட் பீச் இது. அந்தாண்ட போய் இழுங்க” என்றார். கயிற்றில் முதல் ஆளாக நின்ற பெரியவர் கையை விடாமலே பதில் சொன்னார்: “வலை எங்க விழுந்திச்சோ அங்கதான் நைனா இழுக்க முடியும்.” வாட்ச்மேன் மறுபடி ஊதினார்.

நான் இறங்கிப் போனேன். வெளியூருக்குப் பேச எங்களிடம் டிரங்க் கால் பதிய வேண்டியிருந்த காலத்தில் ஊர் பேர் தெரியாத அதிகாரிகளையெல்லாம் குரலாலேயே அடக்கியவள், ஒரு விசில் எம்மாத்திரம். “கெஸ்ட் நான்தான், எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, ஊதாதீங்க” என்றேன். அந்த வாட்ச்மேன் மேல் எனக்குக் கோபம் இல்லை. செங்கல்பட்டுக்கு உள்ளே ஏதோ கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர், முதலாளி சொன்னதைச் செய்கிறார். வேலியோரம் மீன் காயப் போட்டாலும், படகை இழுத்து வைத்தாலும், இரண்டு பெண்கள் நிழலுக்கு உட்கார்ந்தாலும் ஊத வேண்டும் என்று அவருக்கு உத்தரவு.

அப்புறம் என்ன, என் மகனின் நண்பர்கள் ஆளுக்கொரு இடமாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஜிம்முக்குப் போகிற உடம்புகள். இரண்டே நிமிஷத்தில் உள்ளங்கை சிவந்துவிட்டது. வலைக்காரர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, கையால் இழுக்காமல் உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்கச் சொல்லிக் கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று வலை கரைக்கு வர. நெத்திலியும் கவலை மீனும்தான் அதிகம், கொஞ்சம் காரப்பொடி, வெள்ளி நாடா மாதிரி நாலைந்து வாளை, நண்டு, கூடவே பிளாஸ்டிக் பைகள். மணலிலேயே கூறு கட்டி ஏலம் விட்டார்கள். கூடைக்காரப் பெண்கள் முந்திக்கொண்டார்கள். நான் காசிமேட்டுப் பழக்கத்தில் பேரம் பேசினேன், அவர்களும் சளைக்கவில்லை. நெத்திலி எங்களுக்குக் கிடைத்தது, விலையில் ஜெயித்தது யார் என்று சொல்ல மாட்டேன். அன்று மதியம் வீட்டில் இரண்டு அடுப்பு, ஒன்றில் சம்பந்திகளுக்கு முருங்கைக்காய் சாம்பார், இன்னொன்றில் மாங்காய் போட்ட நெத்திலிக் குழம்பு. சாயங்காலம் சம்பந்தி ஐயா தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, குழம்பு வாசனையைப் பற்றி மட்டும் இரண்டு மூன்று கேள்வி கேட்டார்.

இதற்குள் முக்கியமானது ஒன்று நடந்தது. வலை வேலை முடிந்ததும் கசகசவென்றிருக்கிறது, குளிக்கலாம் என்று இளவட்டங்கள் கிளம்பினார்கள். அலை பெரிதாக உடைகிற இடங்களை விட்டுவிட்டு, நடுவில் கொஞ்சம் தூரத்துக்கு நுரையே இல்லாமல், தண்ணீர் அமைதியாகக் கிடந்த ஓர் இடத்தைப் பார்த்துக் குழந்தைகளோடு போனார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். கயிற்றுப் பெரியவர் வலையை உதறிக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே சத்தம் போட்டார்: “பசங்கள அங்க எறக்காதீங்க. அங்க இழுப்பு கீது.”

அவர் சொன்னதையும், பிறகு என் மாப்பிள்ளை தேடிப் படித்துச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் கட்டுரையில் இருந்திருக்க வேண்டியது இதுதான். கரைக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீருக்கு அடியில் மணல் மேடு இருக்கும். அலைகள் அதில் மோதி உடைந்து தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கின்றன. அத்தனை தண்ணீரும் திரும்பிப் போக வேண்டுமே. மேட்டில் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறதோ அதன் வழியாக ஒரே ஓட்டமாகத் திரும்புகிறது. அந்த இடத்தில் ஆழம் அதிகம், அதனால் அலை உடையாது, நுரை இருக்காது, தண்ணீர் கொஞ்சம் கறுத்தோ கலங்கியோ தெரியும். பார்ப்பதற்கு அதுதான் சாந்தமான இடம். இறங்கினால் அதுதான் ஆளைக் கடலுக்குள் கொண்டுபோகும் இடம். நன்றாக நீந்துகிறவரும் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டுக் களைத்துத்தான் மூழ்குகிறார். மாட்டிக்கொண்டால் எதிர்த்து மல்லுக்கட்டக் கூடாது. முடிந்தவரை மிதந்து, கைதூக்கி உதவி கேட்டு, கரைக்குச் சமமாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்து, அப்புறம்தான் கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் இருப்பவர் பதறிக் குதித்தால் இரண்டு உயிர் போகும். வெற்று கேன், கயிறு, எதையாவது மிதக்கிறதை வீச வேண்டும். இந்தப் பள்ளம் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. தினமும் அந்தத் தண்ணீரைப் பார்க்கிறவருக்குத்தான் கண்டதும் தெரியும்.

எங்கள் கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால்தான் இவ்வளவு நிதானமாக எழுதுகிறேன். அவர் வேறோர் இடம் காட்டினார், முழங்கால் வரை மட்டும் என்றார், குழந்தைகள் உச்சி வெயில் ஏறும்வரை அங்கேயே கிடந்தார்கள். வீட்டு விதிமுறைப் பலகையில் நீச்சல் குளத்தில் என்ன உடை போட வேண்டும், துண்டு தொலைந்தால் என்ன அபராதம் என்று இருபது வரி இருந்தது. கடலைப் பற்றி, ‘விருந்தினர் தம் சொந்தப் பொறுப்பில்’ என்பதோடு சரி. விசில் சத்தத்துக்கு அந்த மனிதர்கள் பயந்து தள்ளிப் போயிருந்தால், எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அன்று அந்த இடத்தைக் காட்டிச் சொல்ல ஆள் இருந்திருக்காது.

‘பிரைவேட் பீச்’ என்ற வசதியே நம் ஊரில் சட்டப்படி கிடையாது என்பதையும் வாசகர்களுக்கு நீங்கள் சொல்லியிருக்கலாம். அலை ஏறி இறங்குகிற நிலம் அரசு நிலம். அதற்கு யாரும் பட்டா வாங்க முடியாது. 1991-ல் முதலில் வந்து, பிறகு 2011-லும் 2019-லும் மாற்றி எழுதப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கரையோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று வரையறுக்கிறது. வீட்டுக்காரருக்குச் சொந்தம் அவர் மதில் வரைக்கும்தான். அதற்கு அப்பால் படகு நிறுத்தவும் வலை காயவும் மீன் ஏலம் விடவும் காலாகாலமாகப் புழங்குகிற இடம். சாலையிலிருந்து கரைக்குப் போகிற சந்துகள் பலவற்றில் இப்போது கேட் போட்டிருக்கிறார்கள். நாங்கள் மாலையில் நடக்கப் போனபோதே இரண்டு இடத்தில் சங்கிலி குறுக்கே தொங்கியது. வடசென்னையில் மணலைப் பறிகொடுத்தவள் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் சூடு அதிகம், மன்னிக்கவும். மணல் இருக்கிற ஊரில் அதற்குப் பூட்டுப் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அக்கம்பக்கத்து வீடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு ராத்திரி அடுத்த வீட்டில் பாட்டுப் பெட்டி இரண்டு மணி வரைக்கும் அதிர்ந்தது. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. எங்கள் பெரியவர் போய் நயமாகச் சொன்னார். பிள்ளைகள் “சாரி தாத்தா” என்று குறைத்தார்கள், அவர் திரும்பி வந்து படுத்ததும் ஏற்றினார்கள். சத்தத்தைவிட எனக்கு உறுத்தியது அவர்கள் கடலைப் பார்த்துப் போட்டிருந்த வெளிச்ச விளக்கு. ஜனவரியிலிருந்து பங்குனி வரைக்கும் இந்தக் கரையில் பங்குனி ஆமை முட்டையிட வருகிறது. முட்டை பொரிய ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் மே மாதம் வரை குஞ்சுகள் மணலிலிருந்து கிளம்பும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போவது அவற்றின் இயல்பு. பழைய நாளில் இரவில் வெளிச்சமாகத் தெரிந்தது கடல்தான். இப்போது வீடுகள். 1980களின் இறுதியிலிருந்து மாணவர்கள் ராத்திரியெல்லாம் நீலாங்கரை, பெசன்ட் நகர்க் கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். இத்தனை பேர் தூக்கம் கெட்டுக் காப்பாற்றுகிற உயிரை ஒரு ஸ்விட்ச் கெடுத்துவிடும்.

நீச்சல் குளம் இருக்கிறதே, அதையும் விட மனசில்லை. கடலுக்கு இருபது எட்டு வைக்கிற தூரத்தில் குளம், அதற்கு டேங்கர் தண்ணீர். அந்த மணல்வெளிக்கு அடியில் மழைநீர் கொஞ்சம் தேங்கி நிற்கும், உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு. அளவுக்கு மேல் உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்பு மேலே வந்துவிடும். வந்தும்விட்டது, குழாயில் வாய் கொப்பளித்தாலே கரித்தது. பக்கத்திலேயே நெம்மேலியில் அரசு கோடிக்கணக்கில் செலவழித்துக் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிறது. 2013-லிருந்து நாளொன்றுக்கு பத்துக் கோடி லிட்டர், 2024-ல் திறந்த இரண்டாவது ஆலையில் இன்னும் பதினைந்து கோடி. ஒரு பக்கம் அந்தப் பாடு, இன்னொரு பக்கம் இந்தக் குளம். என் பேரன் பாதி நாள் அந்தக் குளத்தில்தான் கிடந்தான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அவனைக் குறை சொல்லி என்ன பயன், பத்து வயது.

புல்தரை போடுவதற்காக மதிலுக்கு வெளியே இருந்த அடப்பங்கொடியையும் செதுக்கி எடுத்திருந்தார்கள். பக்கத்துக் காலி மனையில் அது ஊதாப் பூவோடு படர்ந்து, மணல் மேட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அங்கேயே ராவணன் மீசைப் புல்லும் இருந்தது. அதன் முள் பந்துகள் காற்றில் உருண்டு ஓட, குழந்தைகள் பின்னாலேயே துரத்தினார்கள். காசு கொடுத்த ஊஞ்சலும் டேபிள் டென்னிஸும் சும்மா கிடந்தன.

என் வேண்டுகோள் பெரிதாக ஒன்றும் இல்லை. வீடு வைத்திருப்பவர்கள், விருந்தினர் தங்கும் நாட்களில் காலையும் மாலையும் பக்கத்துக் குப்பத்திலிருந்து கடல் தெரிந்த ஒருவரைச் சம்பளம் கொடுத்து நிற்கச் சொல்லலாம். வாடகையில் தலைக்கு நூறு ரூபாய் கூட்டினால்கூட யாரும் மறுக்கப் போவதில்லை. துண்டு அபராதம் எழுதிய பலகையில் இழுப்பைப் பற்றி நாலு வரியைத் தமிழிலும் எழுதட்டும். கடலைப் பார்த்த விளக்குகளை அணைக்கட்டும். ஊராட்சிகள் சந்துகளில் தொங்குகிற சங்கிலிகளை எடுக்கட்டும்.

உங்களுக்கு ஒன்று. அந்தக் கட்டுரையின் அடுத்த பகுதி வரும் ஞாயிறு என்று போட்டிருக்கிறீர்கள். அதில் மறுபடி வசதிகள் பட்டியல் வந்தால், ‘பிரைவேட் பீச்’ பெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில், பொதுவழியில் கடலுக்குப் போகத் திறந்திருக்கும் சந்துகள் எவை என்று ஊர் ஊராகப் போடுங்கள். திருவான்மியூரிலிருந்து ஆரம்பித்தால் போதும். நிருபர் வருவதாக இருந்தால் நாங்கள் சங்கிலி பார்த்த இரண்டு இடத்துக்கும் வழி சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்,
ராயபுரம், சென்னை